ஹீற்றர் விசிறி: றெசிஸ்ரரை மட்டும் மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை மாதம் ரொறன்ரோவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் பழைய வான்கள் கராஜ்களுக்கு வரத் தொடங்கிவிடும். முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "ஹீற்றர் விசிறி நாலாம் நம்பரில மட்டும்தான் வேலை செய்யுது. ஒண்டு, ரெண்டு, மூண்டில மூச்சே இல்லை." உடனே றெசிஸ்ரரை, அதாவது விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையை, மாற்றுவார்கள், விசிறி நாலு வேகத்திலும் ஓடும், வான் வீட்டுக்குப் போகும். தை மாதத்துக் கடுங்குளிரில் அதே வான் அதே முறைப்பாட்டோடு திரும்பி வரும். இந்த முறை புது றெசிஸ்ரர் எரிந்திருப்பதோடு அதில் செருகியிருந்த கொனெக்ரரும் (வயர்களின் பிளாஸ்ரிக் செருகி) உருகிப்போயிருக்கும்.

றெசிஸ்ரர் சும்மா எரிவதில்லை. பத்து, பதினைந்து வருடம் ஓடிய வானில் அதை எரிப்பது பெரும்பாலும் இறுகிப்போன மோட்டர், அல்லது தளர்ந்துபோன கொனெக்ரர், அல்லது அடைபட்ட காற்றுப் பாதை. இவற்றைப் பாராமல் றெசிஸ்ரரை மட்டும் மாற்றுவதும், மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதும் இரண்டுமே தவறு. இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன். எங்கள் ஆட்களிடம் டொட்ஜ் கிராண்ட் கரவன், ரொயோட்டா சியென்னா, ஹொண்டா ஒடிசி போன்ற வான்கள் ஏராளம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுவதும், சாப்பாட்டு ஓடர் கொண்டுபோவதும், கோயிலுக்கு ஆட்களைக் கூட்டிப்போவதும் அவற்றில்தான். ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம் இல்லை. கைமாறும்போது எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழோடு சரி. ஆகவே உரிமையாளர் தானாகக் கவனித்தால்தான் உண்டு.

விசிறி ஓடாவிட்டால் குளிரும் என்பது சின்ன விஷயம். ஐந்து பேர் இருக்கும் வானில் மூச்சுக் காற்றின் ஈரம் சில நிமிடங்களில் முன்கண்ணாடியில் படிந்து உள்ளேயே உறையத் தொடங்கும். ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியாத கண்ணாடியோடு வீதியில் ஓட்டுவது ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். கையால் துடைத்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டுவதும் அதில் அடங்கும்.

இனி, றெசிஸ்ரர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுவிட்சில் நாலு வேகம் உள்ள சாதாரண ஹீற்றரில் நாலாம் வேகத்தில் பற்றரியின் முழு வோல்ற்றும் நேரே மோட்டருக்குப் போகும். றெசிஸ்ரருக்கு அங்கே வேலையில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைக்கக் குறைக்க மின்சாரம் கம்பிச் சுருள்கள் வழியாகத் திருப்பிவிடப்பட்டு, மோட்டருக்குக் கிடைக்கும் வோல்ற் குறைகிறது. குறைத்த மிச்சம் முழுவதும் அந்தச் சுருளில் வெப்பமாகிறது; முதலாம் வேகத்தில் 40, 50 வாற் வரை போகலாம். இந்தச் சூட்டைத் தணிப்பது அதே விசிறியின் காற்றுத்தான். அதற்காகவே றெசிஸ்ரரைக் காற்றுப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்துகிறார்கள். சூடு எல்லை தாண்டினால் அறுந்துவிடும்படி அதில் ஒரு வெப்ப பியூஸும் உண்டு. அது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

மோட்டரின் தண்டு எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்களில், அதாவது தண்டைத் தாங்கும் வளையங்களில், சுழல்கிறது. வருடக்கணக்கில் எண்ணெய் வற்றி, தூசி படிந்து, புஷ் இறுகும். மைனஸ் 20 பாகைக் காலையில் மிச்சமிருக்கும் எண்ணெயும் தடித்திருக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை ஒன்றில் வைத்தால் கிடைக்கும் குறைந்த வோல்ற்றில் மோட்டர் அசையாது. அசையாத மோட்டர் ஓடும் மோட்டரைவிட அதிக அம்பியர் இழுக்கும். சுருள் கூடுதலாகச் சூடாகும், தணிக்கக் காற்றோ இல்லை. சில நிமிடத்தில் வெப்ப பியூஸ் அறுந்துவிடும். புது றெசிஸ்ரர் தை மாதம் எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மோட்டரை மாற்றும்வரை குளிர்ந்த காலைகளில் சுவிட்சை முதலில் நாலில் வைத்து, விசிறி சுற்றத் தொடங்கிய பிறகு குறைப்பது நல்லது. இது தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே.

அடைபட்ட கபின் பில்ரரை, அதாவது வானுக்குள் வரும் காற்றை வடிகட்டும் பில்ரரைப் பற்றி ஒரு தவறான கருத்து உலவுகிறது. பில்ரர் அடைத்தால் மோட்டர் கஷ்டப்பட்டு அதிக மின்சாரம் இழுக்கும் என்பார்கள். உண்மை நேர்மாறானது. இந்த வகை உருளை விசிறிக்குக் காற்று குறைந்தால் சுமையும் குறையும், அம்பியரும் சற்றுக் குறையும், ஓடும் சத்தம் மட்டும் உயரும். கெடுதல் வேறு இடத்தில்: றெசிஸ்ரருக்கும் மோட்டருக்கும் குளிர்காற்றுப் போய்ச் சேர்வதில்லை. எப்படியானாலும் பில்ரரை வருடத்துக்கு ஒருமுறை, இலையுதிர்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் சின்ன மூடியைத் திறந்தால் வந்துவிடும். பில்ரரில் உள்ள அம்புக்குறி காற்று ஓடும் திசையைக் காட்டும். சில பழைய வான்களில் பில்ரரே வைக்கப்படவில்லை. அவற்றில் மேப்பிள் இலைகள் நேராக விசிறிக்குள் விழும்.

பழுதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்றும் முன் காதும் கையும் போதும். நாலில் மட்டும் ஓடினால் றெசிஸ்ரர் அல்லது அதன் கொனெக்ரர். ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடி நாலில் ஓடாவிட்டால் உச்ச வேகத்துக்கான றிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அல்லது சுவிட்சின் அந்தத் தொடுபுள்ளி. எதிலும் ஓடாமல், கிளவ் பொக்ஸுக்குக் கீழே மோட்டரின் உடம்பில் ஸ்குறூ ட்றைவர் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடினால் மோட்டருக்குள் மின்சாரம் ஊட்டும் காபன் பிறஷ் தேய்ந்துவிட்டது. அந்த மோட்டருக்கு மருந்து இல்லை. காலையில் கீச்சிட்டு, வான் சூடானதும் சத்தம் அடங்கினால் புஷ் வற்றியிருக்கிறது. டிக்-டிக் என்று தட்டும் சத்தம் இலை அல்லது குச்சி. விசிறி ஓடும்போது டாஷ்போட் அதிர்ந்தால் விசிறிச் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் ஏதோ ஒட்டிப் பாரம் சமன் குலைந்திருக்கிறது. மோட்டர் வேகமாக ஓடும் சத்தம் கேட்டும் காற்று வராவிட்டால் பில்ரர் அடைப்பு, அல்லது சக்கரம் தண்டிலிருந்து கழன்று வெறுமனே நிற்கிறது.

வேண்டிய பாகையைத் தெரிவுசெய்தால் அந்த வெப்பநிலையைத் தானாகக் காக்கும் வான்களில் சுருளுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். அது பழுதானால் விசிறி முழு வேகத்தில் மட்டும் ஓடும், அல்லது சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்து இரவில் பற்றரியை வற்றவைக்கும். அப்படியானால் திருத்தும்வரை விசிறியின் பியூஸைக் கழற்றி வையுங்கள்.

அடுத்து அளவு எடுப்பது. இந்தக் கடிதத்தில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நேர்மின்னோட்டம் (DC) அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றர், அதாவது வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்து அளக்கும் மீற்றர் வேண்டும். மலிவானவற்றில் பல வீட்டு மின்சாரத்தை மட்டும்தான் அளக்கும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். சாதாரண மல்ரிமீற்றரை இந்த வயரில் தொடராகச் செருக வேண்டாம். அதன் 10 அம்பியர் எல்லையைத் தாண்டி மீற்றரின் பியூஸ் போகும். எஞ்சினை ஓடவிட்டு, மோட்டருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களில் ஒன்றை மட்டும் கிளாம்ப்புக்குள் விட்டு, சுவிட்சை நாலில் வையுங்கள். தொடங்கும் நொடியில் எண் எகிறிக் குதிக்கும், அதை விட்டுவிடுங்கள். நிலைத்த பிறகு முன்பக்க விசிறிக்குப் பொதுவாக 15 முதல் 22 அம்பியர் வரை காட்டும். சரியான அளவு ஒவ்வொரு மொடலுக்கும் வேறு என்பதால் திருத்தக் கையேட்டைப் பார்ப்பது உத்தமம். 25ஐத் தாண்டி நின்றால் மோட்டர் இறுகிவிட்டது. இரவு முழுவதும் வெளியே நின்ற வானில் காலையிலேயே அளக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். 24இல் தொடங்கி 18க்கு இறங்கினால் புஷ் வற்றியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சூடான கராஜுக்குள் நாள் முழுவதும் நின்ற வானில் எடுத்த அளவு நல்லதாகத்தான் இருக்கும்.

அம்பியர் குறைவாக இருந்து விசிறியும் மந்தமாக ஓடினால் வோல்ற்றைப் பாருங்கள். பற்றரியில் 14 இருக்கும்போது, ஓடும் மோட்டரின் கொனெக்ரரில் 13க்குக் கீழே வந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. நிலத்தொடுப்பு (ஏர்த்) வயருக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் இடையே 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தத் தொடுப்பில்தான் பிழை. பனியும் உப்பும் சப்பாத்தோடு உள்ளே வந்து கம்பளத்தில் ஊறும் நாடு இது. காலடியில் உள்ள நிலத்தொடுப்பு ஆணிகள் துருப்பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

கொனெக்ரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு துளை மட்டும் பழுப்பேறி, பிளாஸ்ரிக் உருண்டு, வயரின் இன்சுலேஷன் ஓரங்குலத்துக்கு விறைத்திருந்தால் உள்ளே உள்ள பித்தளை முனை பிடிமானத்தை இழந்துவிட்டது. தொடுபுள்ளியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 20 அம்பியரில் அங்கே 40 வாற் வெப்பம் உண்டாகும். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் ஒன்றை டாஷ்போட்டுக்குள் செருகிவிட்டதற்குச் சமம். இந்தப் பழைய கொனெக்ரரில் புது றெசிஸ்ரரைச் செருகினால் அதன் முனையும் சில வாரங்களில் கறுக்கும். செவ்ரோலே எக்ஸ்பிரஸ் வான் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. றெசிஸ்ரர், வயரோடு கூடிய கொனெக்ரர் இரண்டும் சேர்ந்த பொதியாகவே கடைகளில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

வயர் இணைக்கும்போது பழைய வயரின் தடிப்புக்குக் குறையாத வயர் வேண்டும். முக்கிய வயர் பெரும்பாலும் 12 கேஜ். புதுக் கொனெக்ரரின் வயர் நிறங்கள் பழையதிலிருந்து வேறாக இருக்கலாம், ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாமல் ஒவ்வொன்றாக, துளையின் இடத்தைப் பார்த்து வெட்டி இணையுங்கள். விறைத்த பகுதி முழுவதையும் வெட்டி, செம்பு பளபளக்கும் இடத்திலிருந்து 8 மி.மீ. உரியுங்கள். சூடாக்கினால் சுருங்கும் உறையோடு கூடிய இணைப்பான்களை அதற்குரிய குறடால் நசுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வரட்டும். வயரை முறுக்கி ரேப் சுற்றி விடுவது இந்த இடத்தில் தீயை வளர்ப்பதற்குச் சமானம். வெப்ப பியூஸ் அறுந்த பழைய றெசிஸ்ரரில் அந்த இடத்தை வயரால் பாலம் போட்டு ஓடவிடுபவர்களும், 30 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 40 போடுபவர்களும் இருக்கிறார்கள். பியூஸ் காப்பது மோட்டரை அல்ல, வயரை. பெரிய பியூஸ் போட்டால் எரியப்போவது டாஷ்போட்டுக்குள் ஓடும் வயர்.

மோட்டரைக் கழற்றுவது பயப்படும் வேலை அல்ல. கரவன், சியென்னா, ஒடிசி மூன்றிலும் முன்பக்க மோட்டர் பயணி பக்கத்தில், கிளவ் பொக்ஸுக்குக் கீழே இருக்கிறது. பழைய ஃபோர்ட் ஈ-வரிசை வான்களில் பொனற்றைத் திறந்து எஞ்சின் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அளவு எடுத்து முடிந்த பிறகு பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, குறைந்தது 3 நிமிடம் பொறுங்கள். அந்தப் பகுதியில் பயணிக்கான எயார்பாக் இருக்கிறது. மஞ்சள் நிறக் கொனெக்ரர் எதையும் தொட வேண்டாம். கிளவ் பொக்ஸின் இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாயும். பக்கத்தில் மெல்லிய கயிறு அல்லது தாங்கி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். மோட்டரைப் பெரும்பாலும் மூன்று ஸ்குறூக்கள் பிடித்திருக்கும். 5.5, 7, 8, 10 மி.மீ. சொக்கற்றுகளும் ஒரு கட்டை ஸ்குறூ ட்றைவரும் கைவசம் இருந்தால் போதும். பின்பக்க ஸ்குறூ கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். கொனெக்ரரின் பூட்டை அழுத்தாமல் வயரில் பிடித்து இழுக்காதீர்கள். குளிரில் பிளாஸ்ரிக் முறியும். வேலையைத் தொடங்கும் முன் வானைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வது நல்லது.

கழற்றிய மோட்டரின் சக்கரத்தைக் கையால் சுண்டினால் ஓரிரு சுற்றுத் தானாக ஓடி நிற்க வேண்டும். சுண்டியதும் நின்றாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ மோட்டரை மாற்றுங்கள். துருநீக்கித் தெளிப்பானை அடித்து மீண்டும் பூட்டுவதில் பயனில்லை. அது இருக்கும் எண்ணெயையும் கரைத்துக் கழுவி, பிறகு தானும் காய்ந்து, தூசியைப் பிடிக்கும். மெல்லிய இயந்திர எண்ணெய் இரண்டு துளி மேல் புஷ்ஷில் விட்டால் கீச்சொலி கொஞ்ச நாள் அடங்கும். கீழ்ப் புஷ் மூடிய உறைக்குள் இருப்பதால் அங்கே எண்ணெய் போய்ச் சேராது.

புது மோட்டரைக் கடையிலேயே பெட்டியைத் திறந்து பழையதோடு ஒப்பிடுங்கள். சக்கரத்தின் உயரம், கொனெக்ரரின் வடிவம், ஸ்குறூத் துளைகள், வயர் வரிசை நான்கும் ஒத்திருக்க வேண்டும். வயர் வரிசை மாறினால் மோட்டர் எதிர்த் திசையில் சுற்றும். இந்த வகை விசிறி எதிர்த் திசையில் சுற்றினாலும் காற்றை அதே பக்கமாகத்தான் தள்ளும், ஆனால் மிகப் பலவீனமாக. புது மோட்டர் போட்டும் காற்று இல்லை என்று திரும்பி வருபவற்றில் இதுவும் ஒன்று. மோட்டரின் பக்கத்தில் சிறிய றப்பர் குழாய் இருந்தால் அதை மறக்காமல் மாட்டுங்கள், மோட்டருக்குக் குளிர்காற்று வருவது அதன் வழியாகத்தான். ஸ்குறூக்கள் பிளாஸ்ரிக்கில் இறங்குபவை. முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி, பழைய புரியில் விழுந்த பிறகு கையால் இறுக்குங்கள்.

மோட்டர் வெளியே இருக்கும்போது பெட்டிக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். ஈரக் கறை இருந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் இலையால் அடைத்து, தண்ணீர் விசிறியில் விழுகிறது. அதைத் துப்பரவாக்காவிட்டால் புது மோட்டருக்கும் அதே கதிதான். எலிக்கூடு இருந்தால் உடனே கையை விட வேண்டாம். கனடாவின் மான் எலிகள் ஹன்ரா வைரஸைப் பரப்பக்கூடியவை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, 10 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். உலர்ந்தபடி கூட்டுவதோ வக்கியூம் பிடிப்பதோ கூடாது.

விசிறி நன்றாக ஓடியும் குளிர்காற்றுத்தான் வருகிறதென்றால் அது வேறு பிழை: கூலன்ற் குறைவு, திறந்தபடி நின்றுவிட்ட தேர்மோஸ்ராற், அடைபட்ட ஹீற்றர் கோர், அல்லது டாஷ்போட்டுக்குள் சூடான காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் சின்னக் கதவின், டக்-டக் என்று அடிக்கும் மோட்டர். இதற்கு விசிறியை மாற்றச் சொல்லும் கராஜை விட்டு வெளியேறுங்கள். பின்பக்க ஹீற்றர் உள்ள வான்களில் அடியால் ஓடும் கூலன்ற் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வீதி உப்பு அவற்றை அரித்துவிடும், கரவனில் குறிப்பாக. அது ஒழுகினால் எஞ்சினே போகும்.

எங்கள் சமூகத்தில் கராஜ் நடத்தும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹீற்றர் விசிறி வேலை செய்து கொடுக்கும்போது, நாலாம் வேகத்தில் எத்தனை அம்பியர் என்பதை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பில்லில் எழுதுங்கள். கழற்றிய பாகத்தையும் கொனெக்ரரையும் வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். வாசகர்களே, பில்லில் அந்த எண் இல்லையென்றால் கேளுங்கள். வேலை முடிந்து ஒரு கிழமை கழித்து, விசிறியை மூன்றாம் வேகத்தில் அரை மணிநேரம் ஓடவிட்டு, வானை நிறுத்தி, கொனெக்ரரின் வயர்ப் பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். விரல் வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்திருத்துநர் ஒருவர்
ஸ்காபரோ